டெல்லியிலிருந்து இரண்டரை மணி நேரம்

நம் வகுப்பில் படித்தவர்கள் இப்போது சந்தித்தால் முதலில் மூட்டுவலியைப் பேசுகிறோம், அடுத்து விமானத்தைப் பேசுகிறோம். மகன் அங்கே ஏறிவிட்டானா, மருமகள் இங்கே இறங்கிவிட்டாளா, நடுவில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று கைபேசியைத் தடவியபடியே காபி ஆறிப்போகிறது. போன வாரம் நானும் தடவினேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை, சும்மாதான். டெல்லி விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஆயிரத்து எழுநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் இரண்டே முக்கால் மணி என்றது.

பத்து வயதில், பாவாடை ஓரத்திலிருந்து உருவிய நூலை வைத்து நான் சொன்ன கணக்கும் ஏறக்குறைய அதேதான். கால் மணி நேரம்தான் பிசகு. கணக்கில் நான் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். டீச்சர் என் நோட்டை வகுப்புக்கே காட்டிச் சிரித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் சரியாகப் போட்ட கணக்குகள் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்று இது. இதுவும் தப்பாகவே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். எனக்கு எட்டு வயதானபோது வடக்கே எங்கோ ஒரு மலைப்பாதையில் வண்டி உருண்டது. கூடப் போன இன்னொரு டிரைவர் அங்கேயே போய்விட்டார். அப்பா நெற்றியில் ஒரு தையலோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டால் அவருக்குக் கை நடுங்கும். தொடாவிட்டாலும் கொஞ்சம் நடுங்கும். அம்மா அவருக்கு மட்டும் டம்ளரில் பாதிதான் டீ ஊற்றுவாள். மீதியைக் கொஞ்ச நேரம் கழித்து, மறந்துபோனவள் மாதிரி வந்து ஊற்றுவாள்.

லாரியில் இருந்த தன் பங்கைப் பெரியப்பாவிடமே விட்டுவிட்டு அப்பா கோழி ஷெட் போட்டார். நாமக்கல்லைச் சுற்றி எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த காலம். ஆயிரம் கோழி. நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கக் கிளம்பி, நாற்பதில் பெயர் தீர்ந்துபோனதால் நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வரிசையாக வைத்தேன். முட்டைக்கு வர இருந்த சமயத்தில் கழிச்சல் நோய் வந்தது. ஆறு நாள். அந்த வாரம் நீங்கள் எல்லோரும் செத்துக்கொண்டிருந்தீர்கள். சிலர் இரண்டாம் நாளே போய்விட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணத்தை இப்போதுதான் சொல்கிறேன்.

ஷெட்டுக்குப் பின்னால் வெட்டிய குழி மூடிய பிறகு அப்பா சாயங்காலமானால் காலி ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சுண்ணாம்பு அடித்து, பினாயில் தெளித்து, புது உமி பரப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. கோழி இல்லாத கோழி ஷெட்டில் காற்று வந்தால் கம்பி வலை மட்டும் முனகும். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்காது.

பங்குனிக் கடைசியில் பெரியப்பா வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"இன்னும் எத்தன நாளைக்குடா ஷெட்டுக்குக் காவல் உக்காந்திருப்ப? உமியக் களவாண்டுட்டுப் போயிருவாங்களா?"

அப்பா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ குஞ்சு உடு. இந்தக் கோழியாச்சும் பொழச்சு நிக்கோணும். நிக்கலீனா வண்டிக்கு வந்துரு. நானும் எத்தன நாளைக்குக் கூலி டிரைவர வெச்சு ஓட்டறது?"

"வாரேண்ணா," என்றார் அப்பா. அவ்வளவுதான். கை இரண்டையும் துண்டுக்குள் வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பின்னும்போது அம்மா சடையை வலிக்க வலிக்க இழுத்தாள். நான் கத்தியதும் விட்டாள். பிறகு யாரிடமோ பேசுவதுபோல, "அந்தக் கைய வெச்சுட்டு வண்டி ஏறுனா உங்கொப்பன் ஊடு வந்து சேரமாட்டாரு சாமி," என்றாள். அடுத்த சடையை மெதுவாகப் பின்னினாள். அன்று முழுக்க என் சடைகளில் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தது.

வண்டிக்குப் போவதற்குள் இன்னொரு தடவை குஞ்சு விட்டுப் பார்ப்பது என்று அப்பா முடிவு செய்தார். ஆனால் குஞ்சு கிடைக்கவில்லை. எங்களைப் போலவே எல்லோருக்கும் கோழி போயிருந்ததால் பக்கத்துப் பொரிப்பகங்களில் எல்லாம் மாதக்கணக்கில் முன்பதிவு. தீவனக் கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். நம்மைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடமாட்டார், அதனாலேயே அவரை எல்லோரும் கொஞ்சம் கோபக்காரர் என்று நினைத்தார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பொரிப்பகத்தில் ஆயிரம் குஞ்சு இருக்கிறது, ஏரோப்ளேனில் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

கால்நடை டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"பொரிச்சதுல இருந்து எழுவத்திரண்டு மணி நேரம். அது வரைக்கும் வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், அத வெச்சுத் தாங்கும். அதுக்கு மேல தண்ணி கெடைக்கலீன்னா ஒண்ணொண்ணாச் சாயும். ஏத்துன நேரத்துல இருந்து எண்ணாதீங்க. பொரிச்ச நேரத்துல இருந்து எண்ணுங்க."

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஆலோசனை. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில். அப்பா கவிழ்த்துப் போட்ட கூடை மேல். தீவனக் கடைக்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி.

"டெல்லின்னா நமக்கு ஏழு நாளு," என்றார் பெரியப்பா. "டபுள் டிரைவர் போட்டு முடுக்குனா அஞ்சு. ஏரோப்ளேனுக்கு எத்தனைன்னு நம்மள்ல யாரு கண்டா?"

நான் கண்டேன் என்று எழுந்தேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

என்னிடம் அட்லஸ் இருந்தது. எலுமிச்சம்பழ ஸ்பூன் ஓட்டத்தில் மூன்றாம் பரிசு. ஓடியதே மூன்று பேர் என்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் தெரியாது. பாவாடை மடிப்பிலிருந்து நூலை உருவினேன். மடிப்பு பாதி அவிழ்ந்து தொங்கியது. நூலின் ஒரு முனையை டெல்லியில் வைத்து, எச்சில் தொட்டு ஒட்டி, மறு முனையை மெட்ராஸுக்கு இழுத்தேன். ஸ்கேலில் வைத்தால் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்டிமீட்டருக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். பொது அறிவுப் புத்தகத்தில் விமானம் மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் போகும் என்று இருந்தது. மண்ணில் குச்சியால் வகுத்தேன்.

"ரெண்டரை மணி நேரமுங்க பெரிப்பா."

மூவரும் மண்ணில் இருந்த கணக்கைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு பெரியப்பா, "நா இங்கிருந்து ஆத்தூருக்குப் போய் மரவள்ளிக் கெழங்கு ஏத்தீட்டு வாரதுக்குள்ளயா?" என்றார்.

"அதுக்கு முன்னாடியே வந்துருமுங்க. வந்து உங்களுக்காகக் காத்துட்டிருக்கும்."

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். அவர் கேட்டது சரியான கேள்வி.

"நடுவுல எங்க நிக்கும்?"

"வானத்துல எங்கீங்க நிக்கும்? டீக்கடையா இருக்குது?"

தீவனக் கடைக்காரர் சைக்கிளோடு சாய்ந்துவிடப் பார்த்தார், அவ்வளவு சிரிப்பு. பெரியப்பாவும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். குழி மூடிய பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து விமானத்தை நிற்காமல் பறக்க விட்டிருப்பேன். பெரியப்பாவின் கேள்வியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

டெல்லியிலிருந்து தீவனக் கடைக்கு டிரங்கால் வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் குஞ்சு பொரிந்துவிடும். புதன் காலை ஏழு மணி விமானத்தில் ஏற்றட்டுமா, வியாழன் காலை ஏழு மணி விமானத்தில் ஏற்றட்டுமா என்று கேட்டார்கள்.

பெரியப்பா காலண்டரைப் புரட்டினார். புதன்கிழமை நவமி.

சிரிக்காதீர்கள். லாரிக்காரர்கள் வீட்டில் நவமி என்றால் வண்டி நகராது. எங்கள் வீட்டில் அது இன்னும் ஒரு படி மேல். உருண்ட வண்டி, நவமியன்று லோடு ஏற்றிக் கிளம்பிய வண்டி. அவசர லோடு என்று ஏற்றினார்கள். இரண்டு வருஷமாக அப்பா ஒவ்வொரு நவமியிலும் ஷெட்டில் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்.

"வியாழன் தசமி. அன்னைக்கு ஏத்தச் சொல்லு," என்றார் பெரியப்பா.

அம்மா வாசற்படிக்கு வந்தாள். பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். அப்பாவிடம் பேசுவதுபோல அவருக்குக் கேட்கும்படி பேசுவாள்.

"ஏனுங்க, நவமி நமக்குத்தானுங்க. குஞ்சுக்கு என்னங்க நவமி? பச்சப் பொறப்பு. பொறந்ததும் கொண்டாரச் சொல்லுங்க."

"ஏத்தறது நம்ம லோடுதான?" என்றார் அப்பா.

"ஒரு நாளு சும்மா பெட்டிக்குள்ள கெடக்கோணுமுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "சாமி, வியாழக்கெழம ஏத்துனா எத்தன மணி நேரம் மிச்சம்?"

நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். நோட்டுத் தாளில், அடியில் இரட்டைக் கோடு இழுத்து. செவ்வாய் மூன்று மணியிலிருந்து வியாழன் ஏழு மணி வரை நாற்பது. வானத்தில் இரண்டரை. மெட்ராஸிலிருந்து பெரியப்பா லாரியில் வீடு வர பத்து. எழுபத்திரண்டில் கழித்தால்,

"பத்தொம்பதரை மணி நேரம் மிச்சமுங்கப்பா."

"பாத்தயா," என்றார் அப்பா அம்மாவிடம். "பத்தொம்பதரை."

இப்போது யோசித்தால் அவர்கள் தவறு நவமியில் இல்லை என்று தோன்றுகிறது. நவமிக்குப் பயந்த அதே மனிதர்கள், இது டெல்லியிலிருந்து ஐந்து நாளில் வரும் சரக்காக இருந்திருந்தால், ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கியிருக்க மாட்டார்கள். டீசல் போடும் இடத்தில்தான் சாப்பிடுவார்கள், சாப்பிடும் இடத்தில்தான் டயர் பார்ப்பார்கள். ஏழு நாள் என்பதை நான் இரண்டரை மணி நேரம் ஆக்கியதும், திடீரென்று கையில் நேரம் கொட்டிக் கிடப்பதாக அவர்களுக்குத் தோன்றிவிட்டது. கொட்டிக் கிடந்ததை அள்ளிச் செலவழித்தார்கள். அம்மா ஒருத்திக்குத்தான் அட்லஸில் நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை பெரியப்பாவின் லாரியில் இருவரும் மெட்ராஸ் போனார்கள். பெரியப்பா ஓட்ட, அப்பா பக்கத்தில். விமானத்தை எதிர்கொள்ளப் போகிறவர் என்பதால் அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர்கள் வண்டி நவமியில்தான் கிளம்பியது. காலி வண்டிக்கு அது பொருந்தாது என்று பெரியப்பா சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானமே அம்மா ஷெட்டில் எல்லாவற்றையும் தயார் செய்தாள். தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டி, உமி மேல் பழைய செய்தித்தாள் விரித்து, நடுவில் தகரக் குடை ஒன்றைத் தொங்கவிட்டு அதற்கடியில் நான்கு பல்பு. மண் தட்டுகளில் கருப்பட்டி கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். வந்து இறங்கும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் அந்தத் தண்ணீரில் ஒரு தடவை நனைத்து விட வேண்டும். அப்போதுதான் அது குடிக்கப் பழகும். ஆயிரம் குஞ்சுக்கு ஆயிரம் தடவை. அம்மா எனக்குத் தன் கட்டைவிரலை வைத்துப் பழக்கினாள். விரலை இரண்டு விரலால் பிடித்து, நகம் நனையும் அளவுக்கு. மூக்கு நனைந்தால் மூச்சு முட்டிவிடும். நான் அவள் விரலைப் பல தடவை மூழ்கடித்துக் கொன்றேன்.

ஏழரை மணிக்கு வர வேண்டும். ஆறு மணிக்கே கரண்ட் போனது. அம்மா கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே வைத்தாள். விசிறியைக் காணவில்லை என்று என் அட்லஸை எடுத்து விசிறினாள். உலகம் முழுக்கப் புகைந்தது. எட்டு. ஒன்பது. தண்ணீர் ஆறியதும் கொட்டிவிட்டு மறுபடி கருப்பட்டி கரைத்தாள். காலி வட்டத்துக்குள் சூடு காத்துக்கொண்டிருந்தது.

"எத்தன மிச்சம் சாமி?"

"இன்னும் பதினெட்டு மணி நேரமுங்கம்மா. பயமே இல்லீங்."

வெள்ளிக்கிழமை காலையில் பதினொரு மணிக்குத் தீவனக் கடைக்காரர் வந்தார். அன்று அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். அதைப் பார்த்ததுமே அம்மா ஷெட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரும்மா. நேத்து ப்ளேன் வழியில ஒரு ஊர்ல இறங்கி ஏறுமாம். அங்க ஆளுங்க கூடிப்போச்சுன்னு எடைக்காக நம்ம பெட்டிய இறக்கிப் போட்டுட்டாங்களாம். இன்னைக்குக் காலைல அடுத்த ப்ளேன்லதான் வந்துச்சாம்."

"ராத்திரி பூரா எங்க இருந்துச்சுங்க?"

"அங்கேயேதான். ஏதோ தகரக் கொட்டகையாம்."

"உசுரோட இருக்குதுங்களா?"

"அத அவர் சொல்லல. வண்டி கெளம்பிடுச்சுன்னு மட்டும் சொன்னாரு." சைக்கிளைத் திருப்பியபடி, "நானும் கேக்கலம்மா," என்றார்.

வானத்தில் நிற்க டீக்கடையா இருக்கிறது என்று கேட்டவள் நான்தான் என்பது அவருக்கும் நினைவு இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல் போனார்.

நான் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தாளின் மறுபக்கத்தில் கணக்குப் போட்டேன். மத்தியானம் மூன்று மணியோடு எழுபத்திரண்டு முடிகிறது. லாரி வர ஏழு மணியாகும். பிறகு, யாரும் கேட்காத இன்னொரு கணக்கையும் போட்டேன். புதன்கிழமை ஏற்றியிருந்து, இதே மாதிரி ஒரு நாள் வழியில் கிடந்திருந்தாலும், வியாழன் சாயங்காலமே வந்திருக்கும். ஐம்பத்து இரண்டரை மணி நேரம். எல்லாம் உயிரோடு இருந்திருக்கும். அந்தக் கணக்கை நான் அப்பாவிடமும் அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை. தாளை அடுப்பில் போட்டேன்.

மூன்று மணி அடித்ததும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை, நேரம் தாண்டிய பிறகும் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருந்தாள். "வயித்துல மஞ்சக்கரு எல்லாத்துக்கும் ஒரே அளவா இருக்குமா? ஒண்ணு ரெண்டுக்குக் கூட இருக்காதா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருக்குமுங்க என்றேன்.

இருட்டத் தொடங்கியபோது லாரி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், பாதியில் நின்றுவிட்டாள். ஸ்டீயரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது அப்பா.

"நீங்களா ஓட்டீட்டு வந்தீங்க?"

குஞ்சைப் பற்றி அவள் கேட்கவில்லை. அப்பாவுக்கும் அது புரிந்தது.

"அண்ணன் ரெண்டு நாளாக் கண்ணு மூடல. உளுந்தூர்பேட்டை தாண்டறப்ப வண்டி ஓரத்துக்குப் போயிருச்சு. நிறுத்தித் தூங்குங்கன்னா உள்ள இதுக கத்துதுக. அப்புறம் கத்தறது கொறஞ்சுட்டே வந்துச்சு." அப்பா கைகளை அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். "நா வாங்கிக்கிட்டேன்."

"கையி?"

"ஓட்டறப்ப ஒண்ணுமில்ல. இப்பத்தான்."

பெரியப்பா பெட்டிகளை இறக்கினார். பத்து அட்டைப்பெட்டி, பக்கங்களில் வட்ட வட்ட ஓட்டை, ஒவ்வொன்றிலும் நூறு குஞ்சு. மூன்று பெட்டிகளிலிருந்து சத்தம் வந்தது. ஏழு பெட்டிகளை ஷெட்டின் ஓரத்தில் தனியாக வைத்தார்கள். அவற்றின் மூடியைத் திறக்க வேண்டாம் என்று பெரியப்பா சொல்லியும் அம்மா ஒவ்வொன்றாகத் திறந்தாள். அட்டையும் பஞ்சும் கலந்த ஒரு புளித்த வாசனை. நடுவிலிருந்து நான்கைந்து உயிரைக் கண்டுபிடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

நால்வரும் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒன்றை எடுப்பது, அலகை நனைப்பது, கீழே விடுவது. சில குடித்தன. சில கழுத்தை என் விரல் மேல் போட்டுவிட்டு அப்படியே இருந்தன. உள்ளங்கையில் அவை கனமே இல்லை. சூடு மட்டும்தான் இருந்தது, பிறகு அதுவும் போனது. அப்பாவால் நனைக்க முடியவில்லை. மூக்கு நனைந்துவிடும் என்று எங்கள் கையில் எடுத்து மட்டும் கொடுத்தார்.

வெகுநேரம் கழித்துப் பெரியப்பா சொன்னார். "அந்த வளைவுல எல்லாம் பழைய மாதிரியேதான்டா ஒடிச்ச. நா முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

அப்பா ஒரு குஞ்சை அம்மாவிடம் நீட்டினார். "திங்கக்கெழம டெல்லி லோடு இருக்குதுன்னீங்களேண்ணா."

"இருக்குது."

"வாரேன்."

அம்மா அந்தக் குஞ்சை வாங்கினாள். அலகை நனைத்தாள், கீழே விட்டாள். அது இரண்டடி நடந்து உட்கார்ந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டெல்லி போயிட்டு வர எத்தன நாளு சாமி?"

போக ஏழு, வர ஏழு, லோடு கிடைக்க இரண்டு. டபுள் டிரைவர் என்றால் பன்னிரண்டு. தரை வழியில் எத்தனை கிலோமீட்டர் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

"தெரியலீங்கம்மா," என்றேன்.